டெலிரியம் என்கிற உழவுச் சொல்

1

இந்த நாட்டில், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய்வந்தால், உடம்புக்கு என்ன என்று மகன் சொன்னால் செல்லாது. காகிதம் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் உல்ம் என்கிற ஊருக்கு நான் வந்து பதினேழு வருடம் ஆகிறது. கியர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். ஈஸ்டரை ஒட்டி இரண்டு வாரம் ஏற்காட்டுக்குப் போய்விட்டு வந்ததும், விடுப்பைச் சிறப்பு விடுப்பாகக் கருதுவதற்குச் சான்று கேட்டுக் கடிதம் வந்தது. சேலம் ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு பணியாளர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற அம்மாள் நல்ல மாதிரி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தவர், 'டெலிரியம்' என்ற இடத்தில் நின்றார். உங்கள் அப்பா நிறையக் குடிப்பாரா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

இங்கே அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்குக் குடியை நிறுத்திய ஆளின் கை நடுக்கம்தான் ஞாபகம் வருமாம். என் அப்பா கடுங்காப்பிக்கு மேல் போகாதவர். அதைச் சொல்லிவிட்டு, 'கொஞ்சம் குழம்பிப்போயிருந்தார்' என்று விளக்க முயன்றேன். என் ஜெர்மன் அவசரத்தில் காலை வாரிவிடும். குழம்பினார் என்பதற்குப் பதிலாக, அதன் பக்கத்து வீட்டுச் சொல்லான 'வழி தவறிப்போனார்' என்பதைச் சொல்லித் தொலைத்தேன். அம்மாள் பதறிவிட்டார். காட்டிலா, மலையிலா, கிடைத்துவிட்டாரா என்றெல்லாம் கேட்டார்.

திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது சரியான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும் அளவு ஜெர்மன் என்னிடம் இல்லை, அதனால் தமிழில் எழுதுகிறேன்.

2

முதலில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழினிக்குப் பதினைந்து வயது. அவள் பெயரில் உள்ள ழகரத்தை இந்த ஊரில் யாரும் தொடுவதில்லை. இப்போது அவளும் தொடுவதில்லை. வீட்டில் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். சாப்பாடு, சண்டை இரண்டுக்கு மட்டும் கொஞ்சம் தமிழ் மிச்சம் இருக்கிறது.

ஆறாம் வகுப்பில் இங்கே இன்னொரு மொழி எடுக்க வேண்டும். பிரெஞ்சு அல்லது லத்தீன். பிரெஞ்சு எடு, பிழைப்புக்கு ஆகும் என்றேன். அவள் லத்தீன் எடுத்தாள். எனக்குக் கோபமான கோபம். தாத்தாவோடு நாலு வார்த்தை பேச மொழி இல்லாதவள், செத்துப்போன ஒரு மொழியில் வினைச்சொல் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தால் எந்த அப்பனுக்குத்தான் வயிறு எரியாது? பெற்றோர் கூட்டத்தில் லத்தீன் ஆசிரியையிடம் இந்த மொழியை எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று கேட்டேன். யாருமே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் ஒரு மணி நேரம் புலம்பினேன்.

இந்தக் குறிப்பை எழுதும்போது அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

3

எங்கள் ஊர் செம்மநத்தம். ஏற்காட்டிலிருந்து குறுகலான ரோட்டில் போக வேண்டும். ரோடு முடிகிற இடத்திலிருந்து வீட்டுக்கு ஒற்றையடிப் பாதை. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கொஞ்சம் ராகி, கொஞ்சம் காப்பி, மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. அம்மா இறந்த பிறகு, புருசனை இழந்த என் அக்கா பழனியம்மா அவரோடு இருக்கிறாள்.

எட்டு வருடத்துக்கு முன்பு ஏற்காடு டவுனுக்குப் பக்கத்தில், கார் வாசல்வரை வருகிற மாதிரி, நான் ஒரு வீடு கட்டினேன். டைல்ஸ் தரை, படுக்கையறையை ஒட்டி பாத்ரூம், அதில் கைப்பிடி. எல்லாம் அப்பாவுக்காகத்தான். கிரகப்பிரவேசத்தன்று அப்பா ஒவ்வொரு அறையாகப் பார்த்து, "நொம்ப நல்லாருக்குது சாமி" என்றார். அன்று சாயங்காலமே பஸ் ஏறிச் செம்மநத்தம் போய்விட்டார். அதன் பிறகு வீடு பூட்டித்தான் கிடந்தது. அந்த வீடு கட்டியதிலிருந்து அக்கா என்னை 'வாங்க போங்க' என்று பேச ஆரம்பித்துவிட்டாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். மரியாதை என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

மார்ச்சில், மிளகு பறிக்க ஏணி வைத்து ஏறிய அப்பா கீழே விழுந்தார். இந்த வயதில் ஏன் ஏற வேண்டும் என்று கேட்கக் கூடாது, அது அவர் கொடி. இடுப்பெலும்பு முறிந்து சேலத்தில் ஆபரேசன் ஆனது. ஆபரேசன் நன்றாக முடிந்தது, ஆனால் கண் விழித்த அப்பா வேறு ஆளாக இருந்தார். நேரம் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. உல்மில் இருந்தபடியே போனில் நான் உத்தரவு போட்டேன். செம்மநத்தம் வேண்டாம், அங்கே பாத்ரூம் வெளியே இருக்கிறது, புது வீட்டுக்கே கூட்டிப்போங்கள் என்றேன். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றையும் வரவழைத்தேன். தூரத்தில் இருக்கிறவனுக்கு உத்தரவு போடுவதுதானே சுலபம்.

மனைவிக்கு லீவு இல்லை. யாழினிக்கு ஈஸ்டர் விடுமுறை. விடுமுறை முடிந்ததும் லத்தீன் பரீட்சை என்று முனகிக்கொண்டு, புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள்.

4

அடிவாரத்திலிருந்து மலை ஏறும்போதெல்லாம் என்ன சொல்லி அப்பாவைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். யோசித்திருக்க வேண்டியதில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தவர் என் பேண்ட்டையும் சட்டையையும் பார்த்தார், கும்பிட்டார்.

"வாங்க ரைட்டருங்க" என்றார்.

எஸ்டேட்டில் ஆள் பேர் எழுதுகிறவருக்கு ரைட்டர் என்று பெயர். சின்ன வயதில் அப்பா பழ சீசனில் எஸ்டேட்டுக்குக் காப்பி பறிக்கப் போனவர். அந்தக் காலத்து ரைட்டராக என்னை எடுத்துக்கொண்டுவிட்டார். அப்பா, நான்தான், உங்கள் மகன் என்று சொல்லிப் பார்த்தேன். சரிங்க ரைட்டருங்க என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். பெற்ற அப்பா என்னை 'ங்க' போட்டுப் பேசுவதைக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பகலில் பெரும்பாலும் தூங்குவார். விடிகாலையில்தான் கஷ்டம். எழுந்து, வாக்கரைத் தொடாமல், கட்டிலுக்கு வலப்புறம் இருக்கும் சுவரை நோக்கிப் போவார். அங்கே நான் ஆசையாகச் செய்துவைத்த மர பீரோ நிற்கிறது. அதைப் பிடித்துத் தள்ளுவார்.

"யாருங்க கதவ அடைச்சது? மாடு கத்துதுல்ல. தொறந்து வுடுங்க ரைட்டருங்க."

அது கதவு இல்லை, பீரோ என்று சொன்னால் கோபம் வரும். இரண்டாம் நாள் அப்படியே சரிந்து விழப் பார்த்தார். ஆபரேசன் செய்த கால். மூன்றாம் நாள் விடிவதற்கு முன் அவர் ஒரு கையைத் துண்டால் கட்டிலோடு கட்டினேன். கட்டியது நான்தான், வேறு யார் மேலும் பழி போட முடியாது. அவர் எதிர்க்கவில்லை. ரைட்டர் சொன்னால் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டார்.

சேலத்து டாக்டரிடம் போனில் பேசினேன். வயசானவர்களுக்கு ஆபரேசனுக்குப் பிறகு இப்படி வரும், பலருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு ஆவதில்லை என்றார். கட்டிப்போடாதீர்கள், பழகின இடத்தில் வைத்திருங்கள் என்றார். சொந்த வீட்டில்தான் இருக்கிறார் டாக்டர் என்று பெருமையாகப் பதில் சொன்னேன். கட்டியதைச் சொல்லவில்லை.

எனக்குத் திரும்ப டிக்கெட் அடுத்த வாரம் சனிக்கிழமை. அக்காவால் தனியாக இவரைப் பிடிக்க முடியாது. அதனால் சேலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பேசி அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சேர்ப்பதாக ஏற்பாடு செய்தேன். அக்காவிடம் தகவலாகச் சொன்னேன். மறுநாள் அப்பாவின் வேட்டிகளைத் துவைத்து மடித்து ஒரு பையில் வைத்தாள். அந்தப் பை கட்டிலுக்குக் கீழேயே இருந்தது.

5

ஐந்தாவது நாள் மதியம். சேலத்து இல்லத்துக்கு அனுப்புவதற்காக டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். யாழினி எட்டிப் பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'டெலிரியம்' என்ற சொல்லில் விரலை வைத்து, இது லத்தீன் என்றாள்.

எனக்கு எரிச்சல். எதுதான் உனக்கு லத்தீன் இல்லை என்றேன். அவள் காதில் வாங்காமல் போனில் அகராதியைத் தேடினாள். 'டே' என்றால் விலகி. அது அவளுக்குத் தெரியும். 'லீரா' தெரியவில்லை, பாடத்தில் வரவில்லையாம். அதையும் தேடி எடுத்தாள். பிறகு, மாடு உழும்போது மண்ணில் விழுகிற கோடு, அதன் ஓரத்தில் ஏறுகிற மண், அதற்குத் தமிழில் என்ன என்று என்னைக் கேட்டாள்.

நான் உழவன் மகன். பன்னிரண்டு வயதுவரை அப்பாவின் ஏருக்குப் பின்னால் விதை போட்டுக்கொண்டு நடந்தவன். அந்தச் சொல் வரவில்லை. நாக்கு நுனியில் ஜெர்மன் சொல் வந்து நின்றது, தமிழ்ச் சொல் எங்கே போனதென்று தெரியவில்லை. அடுப்படியிலிருந்து அக்காதான் சொன்னாள்.

"சாலுங்க தம்பி. மறந்துட்டீங்களா?"

சால். சாலிலிருந்து விலகுவது, அதுதான் டெலிரியம். லத்தீன் பேசியவர்கள் முதலில் அதை ஏர் கோடு தவறுவதற்குச் சொன்னார்கள், பிறகுதான் புத்தி தவறுவதற்குச் சொன்னார்கள் என்று யாழினி படித்துக் காட்டினாள். இத்தனை நாள் அந்தச் சொல்லை ஒரு தீர்ப்பு மாதிரி வாசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட யாரோ உண்டாக்கிய சொல் என்றே நினைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இத்தாலியில் எவனோ ஓர் உழவன், தன் வீட்டில் ஒருவர் நிலை தப்பிப் பேசுவதைப் பார்த்து, தனக்குத் தெரிந்த நிலத்திலிருந்து எடுத்துப் பேர் வைத்திருக்கிறான். பைத்தியம் என்று சொல்லவில்லை, பேய் என்று சொல்லவில்லை. கோடு விலகிவிட்டது என்றான். எவ்வளவு கருணையான ஆள். அந்தச் சொல் நிலத்தை விட்டு, ஏட்டில் ஏறி, ஆங்கிலத்துக்குப் போய், கப்பலில் வந்து, சேலத்தில் அச்சாகி, மலை ஏறி, ஓர் ஏர்க்காரன் கட்டிலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

யாழினி அதோடு விடவில்லை. மாடு சாலிலிருந்து விலகினால் தாத்தா என்ன செய்வார் என்று அக்காவிடம் கேட்டாள். பாதித் தமிழும் கையும்தான். அக்கா கரண்டியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அடிக்கவே மாட்டாரு கண்ணு. அப்படியே நிறுத்திப்போடுவாரு. ஏரத் தூக்கிக்கிட்டு, எந்த எடத்துல விலகுச்சோ அந்த எடத்துக்கே மாட்டக் கூட்டிக்கிட்டுப் போயி, மறுக்காப் புடிப்பாரு. விலகுன எடத்துல இருந்தே இழுத்தா மாடு மெரளும்னு சொல்லுவாரு."

யாழினி தன் லத்தீன் நோட்டைத் திறந்தாள். கடைசிப் பக்கங்களில் கட்டம் கட்டமாக எழுதியிருந்தாள். தினமும் விடிகாலையில் சத்தம் கேட்டு எழுந்து, கதவோரம் நின்று, தாத்தா என்ன செய்கிறார் என்று குறித்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். எல்லா நாளும் ஒரே வரிசை. எழுந்து உட்காருகிறார். வலது கையைக் கட்டிலுக்குக் கீழே விட்டுத் துழாவுகிறார். எழுகிறார். நாலு எட்டு வைக்கிறார். தள்ளுகிறார். கட்டிப்போட்ட நாளில்கூட, கட்டாத கையால் துழாவினார் என்று எழுதியிருந்தாள். குழம்பிப்போனவர் ஒரு நாளைப் போல இன்னொரு நாள் எப்படிச் செய்வார் என்று என்னைக் கேட்டாள்.

பழைய வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள்.

6

மறுநாள் காலை, பக்கத்து வீட்டுக்காரரை அப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு, மூன்று பேரும் செம்மநத்தம் போனோம். யாழினி ஐந்து வயதில் வந்தது. ஒற்றையடிப் பாதையில் எனக்கு முன்னால் நடந்தாள்.

வீடு அப்படியே இருந்தது. அப்பாவின் கயிற்றுக் கட்டில் அதே மூலையில் கிடந்தது. யாழினி செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராகப் போய் அந்தக் கட்டிலில் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்து, வலது கையைக் கட்டிலுக்குக் கீழே விட்டாள். கை டார்ச் லைட்டோடு வெளியே வந்தது. கண்ணைத் திறக்காமலே எழுந்தாள். வலப்புறம் திரும்பி, ஒன்று, இரண்டு என்று ஜெர்மனில் எண்ணிக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். கையை நீட்டித் தள்ளினாள்.

கதவு திறந்தது. எதிரே மாட்டுக் கொட்டகை.

அவள் திரும்பி, என்னைப் பார்த்து, பிறந்ததிலிருந்து எனக்குச் சொன்ன எந்தத் தமிழைவிடவும் தெளிவாகச் சொன்னாள்.

"தாத்தா சரியாத்தான் நடக்கறாங்க அப்பா. வீடுதான் தப்பு."

எனக்கு அங்கேயே உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தேன். தினம் தினம் அந்த மனிதர் தன் வீட்டில், தன் சாலில், ஓர் அடி பிசகாமல் நடந்திருக்கிறார். குறுக்கே பீரோவைக் கொண்டுபோய் வைத்தது நான். சாலிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் நான். அதற்கு மேல் கையையும் கட்டினேன்.

அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. உனக்குத் தெரியுமா அக்கா என்று கேட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத நாளே தெரியுமுங்க தம்பி. நீங்க அங்க குளுருல கெடந்து சம்பாரிச்சுக் கட்டுன ஊடு. அதுல அப்பா இருக்க மாட்டேங்கறாருன்னு என் வாயால எப்படிங்க சொல்றது?"

எங்கள் ஆட்களால் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். வெளிநாட்டில் இருக்கிறவன் ஆசைப்பட்டுவிட்டான் என்பதற்காக, வீட்டோடு இருக்கிறவள் உண்மையை விழுங்கிக்கொண்டு வேட்டியை மடித்துப் பையில் வைக்கிறாள். நானாவது அக்காவை முதலிலேயே கேட்டிருக்கலாம். அவளிடம் சொல்லத்தான் எனக்குத் தெரியும், கேட்கும் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

7

அன்று மத்தியானமே அப்பாவைச் செம்மநத்தம் கொண்டுபோனோம். ரோடு முடிகிற இடம்வரை கார். பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, ஊர் ஆட்கள் நாலு பேர் தூக்கினார்கள். வழியெல்லாம், பையப் போங்க, கல்லு இருக்குது என்று அப்பா அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சொன்ன இடத்தில் கல் இருந்தது.

கட்டில் கால்களுக்கு அடியில் பலகை வைத்து உயரத்தை ஏற்றினோம். வாக்கரைக் கட்டிலோடு ஒட்டி, கை பட்டதும் தட்டுப்படுகிற மாதிரி நிறுத்தினோம். இதெல்லாம் யாழினி யோசித்தது. மறுநாள் விடிகாலை மூன்று பேரும் விழித்துக்கொண்டு இருட்டில் பார்த்தபடி இருந்தோம். அப்பா எழுந்தார். கை கீழே போய் டார்ச்சை எடுத்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு. கதவைத் தள்ளினார், திறந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரையும் திட்டவில்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பகலில் அக்காவை எங்கள் அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார். நான் ரைட்டராகவே இருந்தேன். ஆனால் கூலி ஆள் பேர் எழுத இவ்வளவு தூரம் வந்த ரைட்டர் மேல் இரக்கப்பட்டு, காப்பி குடிச்சுட்டுப் போங்க என்று உபசரித்தார். ராத்திரி நன்றாகத் தூங்கினார். யாழினி அவர் பக்கத்தில் உட்கார்ந்து லத்தீன் வினைச்சொற்களை மனப்பாடம் செய்வாள். என்ன மொழி என்று அவர் கேட்கவில்லை. சரியாகச் சொல்கிறாள் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். ஐந்து வருடமாக என்னால் பொறுக்க முடியாத சத்தம் அது. அந்த வீட்டில் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. இந்தப் பெண்ணை நானா நம்மிடமிருந்து விலகிப்போகிறாள் என்று நினைத்தேன்?

வியாழக்கிழமை சேலத்துக்குப் போன் செய்து, இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்குச் சரியாகும் என்ற நம்பிக்கையில் சொல்லவில்லை. இப்படியே என்னைக் கடைசிவரை ரைட்டர் என்று கூப்பிட்டாலும், அவர் தள்ளுகிற கதவு திறக்கிற வீட்டில் இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அக்காவுக்குத் துணையாகப் பகலும் இரவும் இருக்க, பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவரை ஏற்பாடு செய்தோம். இந்தத் தடவை அக்காவைக் கேட்டுத்தான் செய்தேன்.

சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டும். விடிந்து வெளிச்சம் வந்ததும் பெட்டிகளைக் கொட்டகைப் பக்கத்து வாசலில் கொண்டுவந்து வைத்தேன். வண்டி ரோட்டில் நிற்பதாகப் போன் வந்தது. உள்ளே போய் அப்பாவிடம் என்ன சொல்லி விடைபெறுவது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டு நின்றேன்.

வாக்கர் சத்தம் கேட்டது. அப்பா கதவைத் திறந்துகொண்டு வந்து நிலையில் நின்றார். கொட்டகையைப் பார்த்தார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார். பெட்டியிலிருந்து மெதுவாக என் முகத்துக்கு வந்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார்.

"நீ எப்ப வந்தே சாமி?" என்றார்.

பதினான்கு நாளாக அவர் பக்கத்தில் இருந்தவன் நான். யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தானுங்கப்பா" என்றேன்.